தாழ்நிலத் தோட்டப்புறத்தில் சொர்க்கப்பறவைச் செடி: வாங்குவது முதல் பூ வெட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

கேமரன் மலையில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு செடி வாங்குகிறோம். மலையடிவாரத்திலுள்ள தாப்பாவுக்கோ பீடோருக்கோ கொண்டுவந்து வாசலில் வைக்கிறோம். செடி தளதளவென்று வளர்கிறது. இரண்டு வருடம் ஆகியும் ஒரு பூகூட இல்லை. சொர்க்கப்பறவைச் செடியைப் பற்றி நம் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

இந்தச் செடியின் தாயகம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசுலு நட்டால் பகுதிகள். 1773-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அரசர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் பிறந்த ஸ்ட்ரெலிட்ஸ் குடும்பத்தின் பெயரால் ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே என்று அழைக்கப்படுகிறது. அதன் ஊரில் பகல் இதமான வெயில், இரவு குளிர்ச்சி. ஒவ்வோர் இலை வரும்போதும் அதன் காம்பு இடுக்கில் ஒரு பூமொட்டும் உருவாகிறது. வெப்பம் தொடர்ந்து அதிகமாக இருந்தாலோ, வெளிச்சம் குறைந்தாலோ, வேர் வாடினாலோ அந்த மொட்டு கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே உள்ளுக்குள் கருகிவிடும். இலை மட்டும் வெளியே வரும். நாம் பார்ப்பது இலையைத்தான் என்பதால் செடி நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே தாழ்நிலத்தில் இந்தச் செடியை வளர்ப்பது என்பது அந்த மொட்டைக் காப்பாற்றும் வேலை. கீழே சொல்லும் இடம், மண், தண்ணீர், உரம் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது

நர்சரிகளில் ஒரே பெயரில் மூன்று வேறு செடிகள் கைமாறுகின்றன.

முதலாவது, மேலே சொன்ன அசல் ரெஜினே. மூன்று முதல் ஐந்து அடி உயரம் வளரும். இலை சாம்பல் கலந்த பச்சை நிறம், தோல் போலத் தடிமன். விரலால் மடக்கிப் பார்த்தால் விறைப்பாக எதிர்த்து நிற்கும். இலைகள் இரண்டு வரிசையாக, விரித்த விசிறி போல அடுக்கியிருக்கும். பூவில் ஆரஞ்சு இதழ்களுக்கு நடுவே நீல நிற அம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நீலம் இல்லையென்றால் அது ரெஜினே இல்லை. மஞ்சள் பூ தரும் ‘மண்டேலாஸ் கோல்டு’ என்ற ரகத்திலும் அந்த அம்பு நீலம்தான்.

இரண்டாவது, ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய். வாழைமரம் போல வளர்ந்து இருபது அடியைத் தாண்டிவிடும். பூ வெள்ளையும் மங்கிய நீலமும். வீட்டுக்குள் பெரிய தொட்டியில் வைக்க இப்போது அதிகம் விற்பது இதுதான். சின்னக் கன்றாக இருக்கும்போது ரெஜினே மாதிரியே தெரியும்; ஆனால் இலை அகலமாக, பளபளப்பாக, அடிப்பக்கம் வளைந்து வாழையிலையைப் போல இருக்கும். ரெஜினே என்று நினைத்து இதை ஜன்னலடியில் நட்டவர்கள் சில வருடத்தில் கூரையை முட்டும் செடியோடு நிற்பார்கள்.

மூன்றாவது, ஹெலிகோனியா. இது வேறு குடும்பம். மெல்லிய இளம்பச்சை இலை, ஆரஞ்சு மடல், மண்ணுக்கடியில் கிழங்கு ஓடிப் பரவும். பூவில் நீலம் கிடையாது. ஆனால் நம் வெப்பத்துக்குப் பிறந்தது போல வருடம் முழுதும் பூக்கும். கோயிலுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ வெட்டுப்பூ வேண்டும், காத்திருக்க நேரமில்லை என்றால் ஹெலிகோனியாவே நல்லது. அதில் குறையொன்றும் இல்லை. ரெஜினேதான் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

வாங்கும்போது ஏற்கெனவே பூத்த செடியாகப் பாருங்கள். காய்ந்த பூத்தண்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. அந்தச் செடி தாழ்நில நர்சரியிலேயே பூத்திருந்தால் இன்னும் நல்லது. விதையிலிருந்து வந்த செடி பூக்க மூன்று முதல் ஐந்து வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். தூர் பிரித்து நட்ட செடி ஒன்றிரண்டு வருடத்தில் பூக்கலாம். விலை அதிகமானாலும் இரண்டு மூன்று விசிறி (விசிறி போல விரிந்த இலைக்கொத்து) உள்ள தூரை வாங்குவதே லாபம்.

இடம்

தினமும் நான்கு முதல் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருக்கட்டும். கிழக்குப் பார்த்த முற்றம், மதியம் ஒரு மணிக்கு மேல் சுவர் நிழலோ மரநிழலோ விழும் இடம், இதுதான் நம் ஊருக்குச் சரியான இடம். முழு நிழலில் செடி வாழும், காம்பு நீண்டு இலை சாயும், பூக்காது.

தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் முற்றம் சிமெண்டு போட்டிருக்கும். மேற்குப் பார்த்த சுவரும் சிமெண்டுத் தரையும் சேர்ந்த மூலையில் தொட்டியை வைக்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகும் அந்தத் தரை சூட்டைக் கக்கிக்கொண்டேயிருக்கும். இரவுக் குளிர்ச்சி தேவைப்படும் செடிக்கு அது மிக மோசமான இடம். பழைய லயத்து வீடுகளின் பக்கவாட்டில் மண்தரை இருந்தால் தயங்காமல் அங்கே தரையில் நட்டுவிடுங்கள்.

சுவரிலிருந்து ரெஜினேக்கு மூன்று அடி, நிக்கோலாய்க்கு ஆறு அடிக்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும். வேர்கள் விரல் தடிமனில் சதைப்பற்றாக இருக்கும். நிக்கோலாயின் வேருக்குத் தொட்டியைப் பிளக்கும் வலிமை உண்டு. கால்வாயோரம், தண்ணீர்க் குழாய்க்கு மேல் நடக்கூடாது.

மண்

நம் செம்மண் புளிப்பு மண். செம்பனைக்கும் ரப்பருக்கும் அது ஒத்துப்போகும். இந்தச் செடிக்கு அமிலத்தன்மை கொஞ்சம் குறையவேண்டும். பி.எச். 5.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும். தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் ஜி.எம்.எல். என்ற டோலமைட் சுண்ணாம்புத் தூளே இதற்குப் போதுமானது. குழி ஒன்றுக்கு 150 கிராம், அதாவது பெரிய கைப்பிடி இரண்டு, மண்ணோடு கலந்து இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள். உரத்திலுள்ள நைட்ரஜன் ஆவியாகப் போய்விடும்.

தொட்டிக்கான கலவை: தோட்டமண் மூன்று பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு, கருக்கிய நெல் உமி இரண்டு பங்கு, நன்றாக மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு. 14 அங்குலத் தொட்டிக்கு டோலமைட் ஒரு மேசைக்கரண்டி. தேங்காய் நார்த்தூளை மட்டும் நிரப்பி நடுவது வேண்டாம். மழைக்காலத்தில் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுகவிடும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு கை மண்ணை நனைத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து விரலால் தட்டியதும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல அப்படியே நின்றால் இன்னும் மணலோ உமியோ சேர்க்கவேண்டும்.

நடுவது

தரையில் நடுவதானால் இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் குழி எடுங்கள். மழை நின்று அரைமணி நேரம் கழித்தும் குழியில் தண்ணீர் தேங்கினால் அங்கே குழியே வேண்டாம். ஓர் அடி உயரம், மூன்று அடி அகலத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மலையடிவாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கொட்டும் மழையில் மேடு கட்டியவர் செடிதான் பிழைக்கும்.

பாலிபேக்கைக் கிழித்து வேர்க்கட்டியை உடைக்காமல் இறக்குங்கள். சுற்றிச் சுருண்ட வேரை மட்டும் மெதுவாக விரித்துவிடலாம். அடுத்ததுதான் முக்கியம்: இலைகள் எல்லாம் சேரும் செடியின் கழுத்து மண்மட்டத்துக்கு மேலே தெரியவேண்டும். அதை மூடி நட்டால் பூப்பது தள்ளிப்போகும், மழைக்காலத்தில் கழுத்து அழுகும். நட்டு ஒரு மாதத்தில் மண் இறங்கினால் செடியும் கூடவே இறங்கும். அப்போது கழுத்தைச் சுற்றி மண்ணை விலக்கிவிடுங்கள்.

நட்டதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அடியில் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். வேர்ப்பகுதியைக் குளிர்ச்சியாக வைக்க இதைவிட மலிவான வழி இல்லை. செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்த காலிக்குலை கிடைத்தால் பயன்படுத்தலாம். ஆனால் குவித்து வைக்காதீர்கள். மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிறகு அக்கம்பக்கத்துத் தென்னை, செம்பனைக் குருத்துகளுக்கு ஆபத்து.

தொட்டி என்றால் வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டுமே பெரியதாக எடுங்கள். இந்தச் செடி வேர் நெருக்கத்தில் இருக்கும்போதுதான் நன்றாகப் பூக்கும். பெரிய தொட்டியில் வேர் பரவி முடியும்வரை இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். நிறத்திலும் கவனம் தேவை. கறுப்பு பாலிபேக்கிலும் கறுப்புத் தொட்டியிலும் வெயில்படும் பக்கத்து வேர் வெந்துபோகும். செடியை உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளை வேர், மறுபக்கம் பழுப்பேறிய வேர் என்று தெளிவாகத் தெரியும். வெளிர்நிறச் சிமெண்டுத் தொட்டியோ மண்தொட்டியோ நல்லது.

தண்ணீரும் உரமும்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டிச் செடிக்கு வெயில் நாளில் பெரும்பாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை. தரையில் வேர் பிடித்த செடிக்கு ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் மட்டும். தண்ணீர் குறைந்தால் இலை இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருளும். அதிகமானால் கீழ் இலைகள் மஞ்சளாகும், காம்பு அடியில் மெதுமெதுவென்று ஆகும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், ஏடிஸ் கொசு இன்னொரு பக்கம். மலேசியாவின் 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுவாசலில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. நிக்கோலாயின் காம்பு இடுக்குகளில் மழைநீர் தங்கியிருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

உரம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. 14 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி. தரையில் வளர்ந்த தூருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 50 கிராம், கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகத் தூவி மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். முதல் வருடம் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள 15-15-15 உரம் போதும். செடி தூர்கட்டிய பிறகு 12-12-17-2 என்ற நீலநிற உருண்டை உரத்துக்கு மாறுங்கள்; அதில் பொட்டாசியம் அதிகம், மக்னீசியமும் உண்டு. வீட்டில் மீதமிருக்கிறதே என்று யூரியாவைப் போட்டால் இலை காடாக வளரும், பூ வராது. பச்சைக் கோழி எருவும் அப்படித்தான். கூடவே வேரையும் சுட்டுவிடும்.

பூ ஏன் வரவில்லை

மேலே சொன்னதெல்லாம் செய்தும் பூக்கவில்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

வயது முதலில். ஒரு செடியில் பத்து இலைக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அது இன்னும் பிள்ளைதான், காத்திருக்கவேண்டும். இலை எண்ணிக்கைதான் மொட்டின் எண்ணிக்கையும். பழுத்துக் காயாத இலையை அழகுக்காக வெட்டாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். மா, ரம்புத்தான் மரங்கள் வளர்ந்து, நட்டபோது இருந்த வெயில் இப்போது மறைந்திருக்கலாம். காலை ஒன்பது, பதினொன்று, ஒரு மணிக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு தொந்தரவு. வருடா வருடம் தொட்டி மாற்றுவது, பக்கக்கன்றைப் பறிப்பது, இடத்தை நகர்த்துவது, இவை ஒவ்வொன்றும் பூவைத் தள்ளிப்போடும். மூன்று வருடமாவது தொடாமல் விடுங்கள். இந்த ஒன்றைச் செய்வதுதான் நம்மவர்களுக்குக் கடினம். செடி சும்மா இருப்பதாகத் தோன்றியதும் கை துறுதுறுக்கும்.

கடைசியாக வெப்பம். மூடாக்கு, வெளிர்நிறத் தொட்டி, மதிய நிழல், காற்றோட்டம் ஆகிய நான்கும் இருந்தால் தாழ்நிலத்திலும் பூ வரும். மலையில் பூப்பது போலக் கொத்துக் கொத்தாக எதிர்பார்க்கவேண்டாம். நன்றாகத் தூர்கட்டிய செடி அவ்வப்போது ஒன்றிரண்டு தண்டு விடுவதே இங்கே நல்ல விளைச்சல்.

வீட்டுக்குள்

வீட்டுக்குள் வைப்பது இலை அழகுக்கு மட்டும் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள், பூ வராது. நிக்கோலாய் இதற்கு ஏற்றது. ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள், ஏர்கண்டிஷன் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடைத்து, தொட்டியைக் கால் சுற்று திருப்பிவிடுங்கள். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் இலை வெளுத்துக் கருகும். இலை நரம்பை ஒட்டிக் கிழிவது நோயல்ல. காற்றுக்கு வளைந்துகொடுக்கும் அதன் இயல்பு.

விதை, காய், இலையை மென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். தவழும் குழந்தை, நாய், பூனை உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெருக்குவது

இலையையோ காம்பையோ நட்டால் வேர் பிடிக்காது. தூர் பிரிப்பதுதான் நம்பகமான வழி. ஐந்தாறு விசிறி சேர்ந்த பிறகு, மழை குறைந்த பிப்ரவரியிலோ ஜூன், ஜூலையிலோ செய்யுங்கள். முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை தூரைச் சுற்றி ஓர் அடி தள்ளித் தோண்டிக் கிளப்புங்கள். மண்ணைக் கழுவிவிட்டால் கிழங்கு எங்கே கிளை பிரிகிறது என்று தெரியும். அங்கே சுத்தமான ரம்பத்தால் அறுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு விசிறியும் சொந்த வேரும் இருக்கவேண்டும். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலோ பூஞ்சைக்கொல்லித் தூளோ தடவி, நிழலில் ஒருநாள் உலரவிட்டு நடுங்கள். வெளி இலைகளைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். மூன்று வாரம் நிழல், மூன்று மாதம் உரம் இல்லை.

விதை கிடைத்தால் அதன் தலையிலுள்ள ஆரஞ்சுக் குஞ்சத்தை உரித்து, விதையின் மேலோட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க ஒரு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதற்குள் தோண்டிப் பார்க்காதீர்கள்.

பூச்சியும் மருந்தும்

மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒளிந்திருக்கும். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் அது இருக்கிறது என்று அர்த்தம். குறைவாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, மாலையில், இடுக்குகளுக்குள் போகும்படி அடியுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. எறும்பை ஒழிக்காமல் மருந்து மட்டும் அடித்தால் மாவுப்பூச்சி திரும்பி வரும். செதில்பூச்சிக்கும் இதே வைத்தியம். நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதே போதும்.

கழுத்து அழுகி நாற்றம் வந்தால் செடியைத் தூக்கி, கெட்ட பகுதியைக் கடினமான வெள்ளைத் தசை தெரியும்வரை வெட்டி, புது மண்ணில் மேடாக நடுங்கள். அதே குழியில் மீண்டும் நடவேண்டாம்.

தோட்டப்புறத்தில் மட்டும் வரும் ஒரு பிரச்சினையும் உண்டு. புதிய இலை குறுகி, முறுக்கிக்கொண்டு, வெளிறி வந்தால் பூச்சியைத் தேடுவதற்கு முன், பக்கத்துச் செம்பனைக் காட்டில் சமீபத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். காற்றில் வந்த துளியே இதற்குப் போதும். களைக்கொல்லி அடித்த பம்பை எத்தனை முறை கழுவினாலும் அதில் வேப்பெண்ணெய் கலக்காதீர்கள். வீட்டுச் செடிக்குத் தனிப் பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பூ வெட்டுவது

முதல் பூ மடலிலிருந்து எழும்பியதும் அதிகாலையில் தண்டை அடியோடு வெட்டுங்கள். ஒரு மடலுக்குள் பொதுவாக நான்கு முதல் ஆறு பூ ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும். முதல் பூ வாடினால் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். வாடியதைக் கிள்ளிவிட்டு, மடலை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் நனையவிட்டு, மேல் பிளவில் கட்டைவிரலை நுழைத்து லேசாக விரியுங்கள். உள்ளே கொழகொழவென்ற பசைக்குள் அடுத்த பூ மடிந்திருக்கும். அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் ஆரஞ்சு இதழ்கள் எழும்பி நிற்கும். இதழின் நுனியைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும்.

ஜாடித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, தண்டின் நுனியை அரை அங்குலம் சாய்வாக வெட்டிவந்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ முன்கூட்டியே வெட்டினால், மல்லிகைச் சரத்தை வைப்பது போல இதை வீட்டு ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள். பத்து டிகிரிக்குக் கீழே போனால் இதழ்கள் பழுப்பேறிவிடும். ஒரு வாளித் தண்ணீரில், வீட்டின் குளிர்ச்சியான மூலையில், மின்விசிறிக் காற்று படாமல் நிறுத்தி வைத்தால் போதும்.